கண்ணனுக்குக் கைவேலை

ஆவணி பிறந்துவிட்டால் கோயில் வீதிக் கடைகளில் சின்னஞ்சிறு கிருஷ்ணர் உடைகள் தொங்கத் தொடங்கிவிடும். மஞ்சள் வேட்டி, ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம், பிளாஸ்டிக் புல்லாங்குழல், முத்துமாலை என யாவும் ஒரே உறைக்குள் அடங்கியிருக்கும். இனிப்பகங்களில் சீடையும் முறுக்கும் பொட்டலங்களாகக் காத்திருக்கும். மருதாணியும் கூம்புகளில் அடைபட்டு வந்துவிடும். ஒரு மாலைப் பொழுதில் பண்டிகைக்கு வேண்டிய அனைத்தையும் வாங்கி முடித்துவிடலாம். அலுவலகமும் அடுக்களையுமாக ஓடிக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு இது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், முழுவதும் விலைக்கு வாங்கிய பண்டிகையில் குழந்தை செய்வதற்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. உடுத்திக்கொள்வது, புகைப்படத்துக்கு நிற்பது, தின்பது ஆகிய மூன்றுமே அதன் பங்காகிவிடுகின்றன. உறுத்தும் ஜிகினா உடையில் மூன்று வயதுக் கண்ணன் வீறிட்டு அழ, “ஒரே ஒரு படம், ஒரே ஒரு படம்” என்று பெற்றோர் கெஞ்சும் காட்சி இன்று பல இல்லங்களில் காணக்கூடியதே. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னரே கத்தரிக்கோலும் நூலும் மாவுச் சல்லடையுமாகக் குடும்பம் முழுவதும் கூடி அமரும் வீடுகளும் இல்லாமல் இல்லை. அவ்வீடுகளில் கண்ணன் பிறப்பதற்கு முன்பே கொண்டாட்டம் பிறந்துவிடுகிறது.

வழிகாட்டிய தந்தையும் மகளும்

தெய்வத்திற்காகக் கைவேலை செய்த குடும்பம் என்றதும் முதலில் நினைவுக்கு வரவேண்டிய இல்லம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பெரியாழ்வார் நந்தவனம் அமைத்தார். செடிகளுக்கு நீர் வார்த்தார். பூக்கொய்து, தொடுத்து, வடபத்ரசாயிக்குச் சாற்றினார். அந்த நந்தவனத்திலேயே கிடைத்த மகள் ஆண்டாள், தந்தை தொடுத்த மாலையைத் தான் சூடி அழகு பார்த்த பிறகே கூடையில் வைத்தாள். மாலையில் கூந்தல் இழையைக் கண்டு தந்தை பதறினார். பெருமாளோ அவள் சூடிக் களைந்த மாலையே தமக்கு உகந்தது என்று உணர்த்தினார். இன்றும் திருமலைப் பிரம்மோற்சவத்தின் கருடசேவைக்கும், மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் வைபவத்துக்கும் ஆண்டாள் சூடிய மாலை கொண்டுசெல்லப்படுகிறது.

ஆண்டாளின் கையில் விளங்கும் கிளியும் கைவேலையே. மரவள்ளி இலைகளை மடித்து உடலமைத்து, மாதுளம்பூவை அலகாகப் பொருத்தி, நாள்தோறும் புதிதாக ஒரு கிளி செய்யப்படுகிறது. நேற்றைய கிளி எவ்வளவு அழகாக அமைந்திருப்பினும், இன்றைக்கு இன்னொன்றை முதலிலிருந்து செய்தாக வேண்டும். அதைச் செய்வதே அங்கு வழிபாடாகிறது.

பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தைப் புரட்டினால் ஒரு தாயின் நாள் முழுவதும் கண்முன் விரிகிறது. கண்ணனுக்குக் காது குத்துகிறாள், நீராட அழைக்கிறாள், குழல்வாரக் காக்கையைக் கூவுகிறாள், செண்பகம், மல்லிகை, செங்கழுநீர், இருவாட்சி எனப் பூச்சூட்டுகிறாள், அந்திப் பொழுதில் கண்ணேறு படாமல் காப்பிடுகிறாள். திருவோண நோன்புக்கெனச் செந்நெல்லரிசியும் சிறுபருப்பும் வெல்லமும் நெய்யும் பாலும் சேர்த்துச் சமைத்ததை எல்லாம் கண்ணன் விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று நிற்பதாக ஓரிடத்தில் ஆய்ச்சி ஒருத்தி யசோதையிடம் முறையிடுகிறாள். உடை, ஒப்பனை, சமையல் ஆகிய மூன்றையும் ஆழ்வார் பக்தியிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை.

பீதாம்பரமும் பீலியும்

வீட்டில் தைக்கும் கிருஷ்ணர் உடைக்குப் பெரும் செலவு தேவையில்லை. பாட்டியின் பழைய மஞ்சள் நூல்புடவையே பீதாம்பரத்துக்குப் போதும். பலமுறை துவைத்து மென்மையான துணி குழந்தையின் தோலை உறுத்தாது. பஞ்சகச்சத்தை மடிப்பு வைத்துத் தைத்து, இடுப்பில் எலாஸ்டிக் கோத்துவிட்டால், குழந்தை ஓடினாலும் உருண்டாலும் அவிழாது. கிழிந்த பட்டுப்புடவையின் சரிகைக்கரை இடைக்கச்சாகும். தடித்த திருமண அழைப்பிதழ் அட்டை கிரீடமாகும். அதன் உள்விளிம்பில் பஞ்சு வைத்துத் துணி தைத்துவிட்டால் நெற்றியில் வடுப்படாது. செய்தித்தாளை இறுகச் சுருட்டி, மஞ்சள் துணி சுற்றினால் புல்லாங்குழல் தயார். குழந்தை அதை வாயில் வைக்கும் என்பதால் சாயம் பூசாமலிருப்பது நலம்.

மயிற்பீலிக்கு இது ஏற்ற காலம். ஆண் மயில்கள் தோகையைக் கழற்றும் பருவம் ஆவணியை ஒட்டியே வருகிறது. மயில் உலவும் ஊர்களில் தானாக உதிர்ந்த பீலி தோட்டங்களில் கிடைப்பதுண்டு. தேசியப் பறவையான மயில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவதால், உதிராத பீலியைப் பறவையிடமிருந்து கொள்வது குற்றம். கண்ணனுக்கும் அது உவப்பாகாது. பீலி கிடைக்காத ஊரில், பச்சைக் காகிதத்தின் ஓரங்களை மயிரிழையாகக் கத்தரித்து, நடுவில் நீலக்கண் ஒட்டிக்கொள்ளலாம். அந்தக் கத்தரிப்பு வேலையைச் செய்யும் ஏழு வயது அக்காளுக்கு, தம்பியின் கிரீடத்தில் தன் பீலி அசைவதைக் காண்பதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

ஆபரணங்களில் ஓர் எச்சரிக்கை தேவை. சிவப்பும் கறுப்புமான குன்றிமணி பிள்ளையாரின் களிமண் திருமேனிக்குக் கண்ணாக அமைவது மரபு. ஆனால் அதன் விதையினுள் கொடிய நஞ்சு உண்டு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே குழந்தையின் கழுத்து மாலையில் அதைக் கோக்கவே கூடாது. துளசியும் சம்பங்கியும் கலந்து தொடுத்த மாலையே போதுமானது.

விரல் நுனியில் செவ்வானம்

உடை தைத்து முடிந்த இரவு மருதாணிக்கு உரியது. அம்மியிலோ கல்லுரலிலோ இலையை அரைத்து, சிறிது கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து, விரல் நுனிகளில் தொப்பியாக அப்புவதே பழைய முறை. உள்ளங்கையில் ஒரு நிலா, சுற்றிலும் விண்மீன்களாகச் சிறு பொட்டுகள், அவ்வளவே அலங்காரம். காலையில் யார் கை அதிகம் சிவந்திருக்கிறது என்று பார்ப்பதில் வீடே திரண்டுவிடும். அசோகவனத்தில் சீதாபிராட்டியின் துயரைக் கேட்டுத் தலையசைத்த செடி மருதாணி என்றும், அன்னையின் அருளால் மங்கலப் பொருளாயிற்று என்றும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. கை அசைக்க முடியாமல் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்குப் பாட்டி ஊட்டும் தயிர்சாதத்தோடு இக்கதையும் உள்ளே போகும்.

மருதாணி இலையிலுள்ள செஞ்சாயம் நகத்தோடும் தோலோடும் ஒன்றிப் பிணைந்துவிடுகிறது. தோல் புதுப்பிக்கப்படுவதால் உள்ளங்கைச் சிவப்பு ஓரிரு வாரங்களில் மங்கும். நகமோ மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் மட்டுமே வளர்வதால், ஆவணியில் இட்ட நிறம் பெரியவர்களின் நக நுனியில் கார்த்திகை தீபத்தின்போதும் பிறைபோல் நிற்கும்.

இளம்பெண்கள் இன்று நகப்பூச்சில் புல்லாங்குழலும் மயிற்கண்ணும் சங்கு சக்கரமும் வரைகின்றனர். குண்டூசி முனையைத் தூரிகையாக்கும் அந்தப் பொறுமை பாராட்டுக்குரியது. ஆனால் மாவு பிசைகையில் நகப்பூச்சு உதிர்ந்து நைவேத்தியத்தில் கலந்துவிடும் என்று மூத்தோர் கவலைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இதற்குச் சில வீடுகளில் நல்ல தீர்வு கண்டிருக்கிறார்கள். அடுக்களையில் கைகொடுப்பவர்களுக்கு மருதாணி. வேஷம் புனைந்து கொலுவிருப்பவர்களுக்கு நகச்சித்திரம். பாட்டியும் பேத்தியும் இருவருமே வென்றதாக எண்ணிக்கொள்கின்றனர். ஒன்றை மட்டும் எல்லோரும் தவிர்க்க வேண்டும். “கறுப்பு மருதாணி” என்ற பெயரில் விற்கப்படும் சிலவற்றில் தலைமுடிச் சாய வேதிப்பொருள் கலந்திருப்பதுண்டு. அது தோலைக் கொப்பளிக்கச் செய்யும். கைக்குழந்தைகளுக்கோ எந்த மருதாணியும் வேண்டாம்.

அடுக்களையில் ஆயர்பாடி

கோகுலாஷ்டமி என்றாலே சீடை. சீடை என்றாலே பல இல்லத்தரசிகளுக்கு அச்சம். எண்ணெயில் விழுந்த சீடை வெடித்துச் சிதறுவதே அதற்குக் காரணம். உருண்டையின் மேற்புறம் விரைவில் இறுகிவிட, உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி உடைத்துக்கொண்டு வருகிறது. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அரைத்து, நன்கு சலித்து, வறுத்துக்கொள்ள வேண்டும். எட்டுப் பங்கு அரிசிமாவுக்கு வறுத்தரைத்த உளுத்தமாவு ஒரு பங்கு. வெண்ணெய், எள், பெருங்காயம், உப்பு சேர்த்துப் பிசைந்து, வழவழப்பாக அழுத்தாமல் இலேசாக உருட்டித் துணியில் உலரவிட வேண்டும். ஊசியால் ஒரு குத்துக் குத்திவிட்டால் ஆவிக்கு வாசல் கிடைக்கும். மிதமான தீயே உகந்தது. பொரிக்கும் நேரத்தில் குழந்தைகள் அடுப்பிலிருந்து எட்டியே இருக்கட்டும்.

ஆனால் உருட்டும் வேலை குழந்தைகளுக்கே உரியது. அழுத்தம் இல்லாத பிஞ்சுக் கைகள், சீடை வெடிக்காமலிருக்கப் பெரியவர்கள் முயன்று கற்கும் நெகிழ்வை இயல்பாகவே பெற்றிருக்கின்றன. உருட்டியதோடு அவர்கள் நின்றுவிடுவதும் இல்லை. முறுக்கு மாவு ஒருவர் கையில் காளிங்கனாகச் சுருளும். இன்னொருவர் கையில் சக்கரமாகும். தேங்காயும் வெல்லமும் பிசைந்த அவல் வெண்ணெய்த்தாழி வடிவெடுக்கும். இரண்டு முந்திரி வைத்தால் அதுவே கன்றுக்குட்டியின் முகம். கைமுறுக்குச் சுற்றும் அத்தையின் விரல்களைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்றாவது சுற்றிவிட முயலும் பிள்ளைக்கு, ஏழு சுற்று முறுக்கின் அருமை அன்றுதான் விளங்கும்.

இவ்விளையாட்டுக்கு ஒரே ஒரு விதி. நைவேத்தியம் ஆகும்வரை யாரும் வாயில் போடக் கூடாது. நாள் முழுதும் வெண்ணெயும் வெல்லமும் மணக்கும் வீட்டில், தானே செய்த பலகாரத்தைத் தொடாமல் மாலைவரை காத்திருப்பது ஆறு வயதுக்கு எளிய நோன்பன்று. கேட்டதெல்லாம் கைப்பேசியின் ஒரு தொடுகையில் வாசலுக்கு வந்துவிடும் காலத்தில், காத்திருப்பதைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சுவையான பள்ளி அமைவதும் அரிது.

உறியும் திருவடியும்

தஞ்சை மாவட்டத்து வரகூரில், நாராயண தீர்த்தர் கிருஷ்ண லீலா தரங்கிணி பாடிய தலத்தில், கோகுலாஷ்டமி உறியடி உற்சவம் பெரும் புகழ் வாய்ந்தது. அதன் சிறு நிழலை வீட்டு முற்றத்திலும் அமைக்கலாம். கயிற்றில் பின்னிய உறி, அதில் ஒரு சிறு மண்கலயம், உள்ளே அவலும் கற்கண்டும். அண்டை வீட்டுக் குழந்தைகளும் வீட்டுவேலைக்கு வரும் அம்மாளின் பிள்ளைகளும் அந்த உறியடியில் சேரட்டும். தைத்த பீதாம்பரம் ஒவ்வொருவர் இடுப்பிலும் சற்று நேரம் இருக்கட்டும். ஆயர்பாடியில் கண்ணன் வெண்ணெயைத் தோழர்களோடு பகிர்ந்து உண்டதாகக் கதைகள் உண்டு.

மாலையில் அரிசிமாவுக் கோலம். கையைப் பொத்தி மாவுக்கரைசலில் தோய்த்துப் பக்கவாட்டில் பதித்து, மேலே ஐந்து விரற்புள்ளி வைத்தால் பிஞ்சுப் பாதம். வாசலில் தொடங்கிப் பூஜையறை வரை அடி மேல் அடியாக அவை உள்நோக்கியே செல்ல வேண்டும். நாள்காட்டியைக் கவனிப்பதும் அவசியம். சிலர் அஷ்டமித் திதியைக் கொண்டும், வைணவ இல்லங்களில் பலர் ரோகிணி நட்சத்திரத்தைக் கொண்டும் கொண்டாடுவதால், கோகுலாஷ்டமியும் ஸ்ரீஜயந்தியும் வெவ்வேறு நாள்களில் அமைவதுண்டு.

கோணல் சீடையும் தட்டில் ஏறட்டும்

பூஜை நேரத்தில் பல வீடுகளில் ஒரு சிறு அநீதி நிகழ்ந்துவிடுகிறது. அழகாக அமைந்தவை வெள்ளித்தட்டுக்கும், குழந்தை உருட்டிய கோணல்மாணல் சீடைகள் ஒரு மூலையிலுள்ள டப்பாவுக்கும் சென்றுவிடுகின்றன. அதைப் பார்த்திருக்கும் குழந்தை ஒன்றும் சொல்லாது; ஆனால் அடுத்த ஆண்டு உருட்ட வராது. கைவேலை ஒரு குடும்பத்தை விட்டு விலகுவது பெரும்பாலும் இத்தகைய சிறு தருணங்களில்தான்.

குசேலர் துவாரகைக்குக் கொண்டுசென்றது, இரந்து பெற்றுக் கந்தல் துணியில் முடிந்த சில பிடி அவல். அரண்மனையின் செல்வத்தைக் கண்டு நாணி, அதை அவர் மறைத்தார். கண்ணன் தானே இழுத்துப் பிரித்து உண்டான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். இலையோ பூவோ கனியோ நீரோ, அன்போடு தந்தால் ஏற்கிறேன் என்று கீதையில் உரைத்தவனும் அவனே. அளவும் அழகும் பார்த்து அவன் எதையும் விலக்கியதில்லை.

ஆகவே இவ்வாண்டு முழுவதையும் வீட்டிலேயே செய்ய இயலாவிடினும், ஒன்றையேனும் குழந்தையின் கையால் செய்விக்கலாம். ஒரு காகிதப் பீலியோ, ஒரு கைப்பிடி சீடையோ, வாசலில் இரண்டு பாதங்களோ எதுவாயினும் சரி. அது தட்டின் நடுவில் இடம்பெற்று, தீபாராதனை முடிந்து, முதல் பிரசாதமாக அக்குழந்தையின் மருதாணிக் கைக்கே திரும்பி வரட்டும். அடுத்த ஆவணியில் மாவுச் சல்லடையை எடுத்துவந்து, “எப்போது தொடங்கலாம் பாட்டி?” என்று அதுவே கேட்கும்.