கல்சுபாய் மலையும் இரும்பு ஏணிகளும்

மும்பைக்குப் பிழைக்க வந்த நம்மில் அநேகருக்கு மலை என்றால் ஊட்டியும் கொடைக்கானலுமே நினைவுக்கு வரும். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுள்ளது. ஆயினும் அதன் உச்சியருகே வரை வாகனம் போகிறது. மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கல்சுபாய் 1,646 மீட்டர்தான். ஆனால் அங்கே வாகனப் பாதை இல்லை, கால்நடையாகவே ஏறவேண்டும்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் வாலிபர்கள் அங்கே போகப் பெற்றோரிடம் அனுமதி கேட்டால், பெற்றோர் இரண்டொரு காரியங்களை அறிந்திருப்பது நலம். கல்யாண் வழியாகக் கசாரா வரை லோக்கல் ரயில் உண்டு. அதற்குமேல் சாலை வழியே இகத்புரியையும் கோட்டியையும் கடந்தால், அகில்யாநகர் மாவட்டத்தின் (2024 வரை அகமதுநகர்) பாரி கிராமம் வரும். வயல்களைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. உச்சியை அடைய ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும்.

இம்மலை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியதால் உண்டான கரும்பாறை. ஆகவே தூரத்திலிருந்து பார்த்தால் படிகளைப் போலவே தோன்றும். இப்பாறை வகைக்கு வழங்கும் ‘டிராப்’ என்னும் பெயரே படிக்கட்டைக் குறிக்கும் சுவீடன் நாட்டுச் சொல்லிலிருந்து பிறந்ததாம்.

பாறை செங்குத்தாக நிற்கும் இடங்களில் இரும்பு ஏணிகளை நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் சங்கிலிகளும் உண்டு. தாராவிப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஒற்றை அறையின்மேல் இன்னொரு அறை எழுப்பி, தெருவிலிருந்தே செங்குத்தான ஏணி வைத்த வீடுகள் அங்கே எத்தனை! ஏணிப்பக்கம் முகம் திருப்பி, கையால் பற்றி, ஒவ்வொரு படியாய் இறங்க அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மலையிலோ பலர் வெளிப்புறம் பார்த்துக்கொண்டு, ஒரு கையில் கைப்பேசியோடு இறங்குகிறார்கள். மழைக்காலத்தில் இது பேராபத்து.

ஏறும்போது இருக்கும் ஜாக்கிரதை இறங்கும்போது இருப்பதில்லை. உச்சியில் படம் எடுத்தவுடன் பயணம் முடிந்துவிட்டதாக நம் வாலிபர் எண்ணுகிறார்கள். அப்போது பாதி வழிதான் முடிந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையிலுள்ள 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன் சிகரத்தை 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட ஏழு பேர் முதன்முதலாக எட்டினர். இறங்குகையில் ஒருவர் கால் சறுக்க, கயிறு அறுந்து, நால்வர் மாண்டனர். ஏறும்போது ஒருவரும் விழவில்லை.

ஆகவே திரும்பும் நேரத்தைக் கிராமத்தை விட்டுப் புறப்படும் முன்னரே குறித்துக்கொள்ளட்டும். நண்பகலுக்குள் உச்சியை எட்டாவிட்டால், நின்ற இடத்திலிருந்தே இறங்கிவிடுவது புத்தி. மெதுவாக நடப்பவரை முன்னே விடட்டும். பின்னே விட்டால் அவர் தனித்துப் போவார். இடி முழங்கினால் உச்சியிலும் இரும்பு ஏணியிலும் நிற்கக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமும் வழுக்கலும் அதிகம். முதன்முறை செல்வோர்க்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

உச்சியில் சிறு அம்மன் கோவில் ஒன்று உண்டு. போகலாமா என்று சிலர் கேட்பார்கள். அது அவ்வூராரின் வழிபாட்டிடம். நம் பிள்ளைகள் அங்கே கூச்சலிடாமலும் குப்பை போடாமலும் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணியடியில் நெடுநேரம் வரிசையில் நிற்க நேரிடும். நமக்கோ அன்று ஆராதனை இருக்கிறது. சனிக்கிழமை விடியும்போதே பாரியில் இருப்பவர்கள் வெயிலுக்கு முன் பாதி மலையைக் கடந்துவிடலாம்.