விளம்பரம் தந்த வாக்கைக் கடைப்பக்கம் காக்க வேண்டும்

1898-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின், நெரிசலற்ற குடியிருப்பாகத் திட்டமிட்டு அமைக்கப்பட்டது பெங்களூரின் பிரேசர் டவுன். இன்று புலிகேசி நகர் என்பது அதன் அதிகாரபூர்வப் பெயர். தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகள் அருகருகே ஒலிக்கும் இப்பகுதியில், ரமலான் மாத மாலைகளில் மசூதி சாலை மக்கள் வெள்ளத்தால் நிறைந்துவிடும். ஆயினும் இத்தகைய இடங்களில் ஆடையகம் நடத்தும் சிறு வணிகர்கள்கூட, இன்று தெருவில் நடந்து வருவோரை மட்டும் நம்பி இருப்பதில்லை. கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் அளித்து, தங்கள் இணையக் கடைக்கு வாடிக்கையாளர்களை அழைக்கின்றனர்.

அவ்வாறு அழைக்கப்பட்டவர் விளம்பரத்தைத் தொட்டவுடன் திறக்கும் பக்கத்தை 'லேண்டிங் பேஜ்' என்பர். இக்கட்டுரையில் அதனை நுழைவுப் பக்கம் என்போம். விளம்பரம் ஒன்றைக் கூற, நுழைவுப் பக்கம் வேறொன்றைக் காட்டினால், அழைப்பிற்குச் செலவிட்ட பணம் வீணாகிறது. பண்டிகைச் சரக்கிற்குக் கடன் பெற்றிருக்கும் வணிகருக்கு இது சிறிய இழப்பன்று. விற்காத துணியைத் தள்ளுபடியிலேனும் விற்றுவிடலாம். செலவான விளம்பரப் பணம் திரும்புவதில்லை.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒருவர் விளம்பரத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் வணிகருக்கு 8 ரூபாய் செலவாகிறது எனக் கொள்வோம். ஆயிரம் பேர் தொட்டால் செலவு 8,000 ரூபாய். விளம்பரச் செலவு நீங்கலாக ஓர் ஆடையில் கிடைக்கும் இலாபம் 500 ரூபாய் என்க. நூற்றுக்கு ஒருவர் வாங்கினால் பத்து ஆடைகள் விற்று 5,000 ரூபாய் கிடைக்கும். முடிவில் 3,000 ரூபாய் நட்டம். நூற்றுக்கு இருவர் வாங்கினாலோ 10,000 ரூபாய் கிடைத்து, 2,000 ரூபாய் மிஞ்சும். துணியும் விலையும் விளம்பரமும் மாறவில்லை. நூறு பேரில் கூடுதலாக ஒருவர் வாங்கியதே நட்டத்தை இலாபமாக்கியது. அந்த ஒருவரைத் தக்கவைப்பது பெரும்பாலும் நுழைவுப் பக்கத்தின் பொறுப்பு.

கூகுள் நிறுவனமும் விளம்பரத்தின் தரத்தை மதிப்பிடும்போது, நுழைவுப் பக்கம் எவ்வளவு பொருத்தமாகவும் பயனுள்ளதாகவும் இருக்கிறது என்பதைக் கருத்தில் கொள்கிறது. பொருத்தம் குறைந்தால், அதே இடத்தைப் பெறக் கூடுதல் கட்டணம் செலுத்த நேரலாம்.

பெரிய நிறுவனத்தின் பட்டறிவு

பெங்களூரில் 2007-இல் தொடங்கப்பட்ட மிந்த்ரா, நாட்டின் முன்னணி இணைய ஆடை விற்பனை நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2015 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் இணையதள விற்பனையை நிறுத்தி, கைபேசிச் செயலி வழியாக மட்டுமே விற்கத் தொடங்கியது. வருகையாளர்களில் மிகப் பெரும்பாலோர் கைபேசி வழியாகவே வருகின்றனர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இதனால், கணினியில் வந்தவருக்குப் பொருளைக் கண்டு வாங்கும் பக்கமே இல்லாமற் போயிற்று. ஏறத்தாழ ஓராண்டிற்குப் பின், 2016 ஜூன் மாதத்தில் கணினிக்கான இணையதளம் மீண்டும் திறக்கப்பட்டது. வாங்க வருபவர் எந்த வழியாக வருகிறாரோ, அந்த வழியிலேயே கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே சிறு வணிகர் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம்.

பொருந்த வேண்டியவை எவை?

முதலாவது, ஆடை. விளம்பரத்தில் மரகதப் பச்சை அனார்கலியைக் கண்டு வருபவருக்குக் கடையின் முகப்புப் பக்கத்தைக் காட்டி, நூறு ஆடைகளுக்கிடையே தேட விடுதல் கூடாது. அதே ஆடை, அதே நிறத்தில், அதே படத்துடன் முதலில் தோன்ற வேண்டும். பல ஆடைகள் கொண்ட விளம்பரமாயின், அவற்றை மட்டும் தொகுத்த தனிப்பக்கம் அமைத்தல் நலம்.

இரண்டாவது, விலை. விளம்பரத்தில் 1,299 ரூபாய் என்று கண்டவர், பணம் செலுத்தும் நேரத்தில் அனுப்புக் கட்டணமும் பிற கட்டணங்களும் சேர்ந்து 1,450 ரூபாயாகக் கண்டால் விலகிச் செல்வார். மொத்தத் தொகையைத் தொடக்கத்திலேயே தெரிவித்தல் வேண்டும்.

மூன்றாவது, அளவும் இருப்பும். பெரும்பாலோர் கேட்கும் அளவுகள் தீர்ந்தபின்னும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால், ஏமாற்றத்தையே காசு கொடுத்து வாங்குகிறோம். பண்டிகைக்கு முன் ஆடை வந்து சேரும் இறுதி நாளையும் பக்கத்தில் குறிப்பிட வேண்டும். அந்நாள் கடந்ததும் விளம்பரத்தை நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது, மொழி. தமிழில் விளம்பரம் அளித்துவிட்டு, அளவுப் பட்டியலையும் திருப்பி அனுப்பும் நிபந்தனைகளையும் ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால் வருபவர் தயங்குவார். இவ்விரண்டையேனும் விளம்பரத்தின் மொழியில் தருதல் சிறப்பு.

ஐந்தாவது, பெயர். வங்கி என்ற முறையில் இதனை வலியுறுத்த விரும்புகிறோம். யுபிஐ வழியே பணம் செலுத்துமுன் பெறுபவரின் பெயர் திரையில் தோன்றுகிறது. விளம்பரத்தில் கடையின் பெயரும், திரையில் அறியாத தனிநபரின் பெயரும் இருப்பின், விழிப்புள்ள வாடிக்கையாளர் நிறுத்திவிடுவார். அவ்வாறு நிறுத்துவதே அவருக்குப் பாதுகாப்பு. ஆகவே கடையின் பெயரிலேயே நடப்புக் கணக்கும் வணிகர் யுபிஐ வசதியும் பெறுதல் நன்று.

சட்டமும் இதையே கூறுகிறது

பொருத்தமின்மை வணிகத் தவறாக மட்டும் நிற்பதில்லை. அறிவித்த விலைக்குப் பொருளைத் தர நியாயமான வாய்ப்பின்றி வாடிக்கையாளரை ஈர்க்கும் விளம்பரத்தை, 2022 ஜூன் மாதம் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. 2023 நவம்பரில் வெளியான நெறிகள், இணைய வணிகத்தில் விலக்கப்பட்ட 13 ஏமாற்று முறைகளைப் பட்டியலிடுகின்றன. ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தருவதும், கட்டணங்களைப் படிப்படியாக வெளிப்படுத்துவதும் அவற்றுள் அடங்கும். வாங்குபவராக இத்தகைய நிலையைச் சந்திக்கும் வாடிக்கையாளர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-இல் முறையிடலாம்.

வாரம் ஒருமுறை

இவற்றைச் சரிபார்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. வாரம் ஒருமுறை, விலை குறைந்த கைபேசி ஒன்றில், கைபேசி இணைப்பைக் கொண்டே தங்கள் விளம்பரத்தின் இணைப்பைத் திறந்து, பணம் செலுத்தும் திரை வரை சென்று பாருங்கள். பக்கம் திறக்கத் தாமதமானால் படங்களின் அளவைக் குறையுங்கள். ஒவ்வொரு விளம்பரத்திற்கும் தனி இணைப்பு அமைத்தால், எது விற்பனையைத் தந்தது, எது செலவை மட்டும் தந்தது என்பதை மாதக் கணக்கில் பிரித்தறியலாம்.

விற்பனை குறையும்போது விளம்பரத் தொகையைக் கூட்டவும், அதற்கெனக் கூடுதல் கடன் பெறவும் மனம் விழையும். அதற்குமுன் நுழைவுப் பக்கத்தைத் திருத்தி, இரண்டு வாரங்கள் கணக்கை உற்றுநோக்குங்கள். அதன் பிறகும் விற்பனைக்கேற்ப மூலதனம் போதவில்லையெனில், அந்தக் கணக்குடன் தங்கள் கிளையை அணுகுங்கள். தேவையான கடனின் அளவைத் தாங்களும் நாங்களும் சேர்ந்து முடிவு செய்ய அதுவே தக்க ஆதாரமாக அமையும்.