சூடு போதாத பலகை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் புகுந்த வீடுகளில் தேக்குக் கட்டிலைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட முடிந்தது. பார்ட்டிகிள் போர்டு அலமாரிக்கு அந்த வாய்ப்பே இல்லை. மரச்சிராயைப் பசையோடு கலந்து சூடான பிரஸ்ஸில் நசுக்கிய பலகை அது. தண்ணீர் பட்டதும் நசுங்கிய சிராய் பழைய பருமனுக்கு உப்பும். பசைப் பிடி விடும். எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் அந்த உப்பல் முழுதாக இறங்காது.

பிளைவுட்டின் ஆயுளும் பசையில்தான். ஈரப்பதம் மட்டும் தாங்கும் எம்.ஆர். ரகத்துக்கு யூரியா ஃபார்மால்டிஹைடு, தண்ணீரையே தாங்கும் மரைன் ரகத்துக்கு ஃபீனால் ஃபார்மால்டிஹைடு. இரண்டாவது இறுகக் கூடுதல் சூடு வேண்டும். பிரஸ்ஸில் சூடோ நேரமோ குறைந்தால் பசை அரைவேக்காடாக நிற்கும். மேலே லேமினேட் ஒட்டிவிட்டால் தேர்ந்த ஆசாரியாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் ஐ.எஸ். 710 தரத்தில் மரைன் பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு, ஒட்டு நிற்கிறதா என்று சோதிக்கிறார்கள். எம்.ஆர். பலகைக்கு 60 டிகிரி வெந்நீர்ச் சோதனை மட்டுமே. சூடு கூடக்கூட நல்லது என்றும் இல்லை. 200 டிகிரியை ஒட்டிப் பதப்படுத்திய மரம் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், ஆனால் வலு குறையும்.

நம்மூர் வெயிலுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் யூரியா பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு அதிகம் கசியும். அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. தகரக் கூரை அறையில் புதுக் கப்போர்டு போட்டு, சன்னலைச் சாத்திக் குழந்தையைத் தூங்கவைக்காதீர்கள். அறுத்த ஓரங்களை எட்ஜ் பேண்ட் ஒட்டி மூடச் சொல்லுங்கள். உடைந்த பலகையை வெந்நீர் அடுப்பில் எரிக்கவே வேண்டாம். பசையும் லேமினேட்டும் கக்கும் புகை நச்சு.

கடைக்காரர் "நூத்துக்கு நூறு வாட்டர்புரூஃப், அண்ணாச்சி" என்று சொன்னால், அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்: ஐ.எஸ். எண், ரகம், கனம், கம்பெனி. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள சி.எம்./எல். உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது என்று தெரியும். எம்.ஆர். என்றே விற்ற பலகை வெள்ளத்தில் போனால் கடையைக் குறை சொல்ல முடியாது. மரைன் என்று பணம் வாங்கிக்கொண்டு எம்.ஆர். கொடுத்திருந்தால் அது ஏமாற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வெளியூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

பலகையை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கோபத்தில் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடாமல், முத்திரையைப் போட்டோ எடுத்து, அது உள்ள பகுதியில் ஒரு துண்டை அறுத்து பில்லோடு பத்திரமாக வையுங்கள்.