வால்வு மாத்தியாச்சு... இன்னும் ஏன் மூச்சு வாங்குது?

"ஆபரேஷன் சக்சஸ்னு சொல்லிட்டாங்க. ஆனா மாடி ஏறினா மூச்சு வாங்குதே?" இதய வால்வு மாற்றிக்கொண்ட பலரின் கேள்வி இது. வால்வு புதுசுதான், பல வருடம் கூடுதல் சுமை இழுத்த இதயத் தசை பழசு. அது தேற மாதக்கணக்கில் ஆகலாம். அறுத்த நெஞ்செலும்பு கூடவே 6 முதல் 12 வாரம் பிடிக்கும்.

ரத்தசோகை, நுரையீரலைச் சுற்றி நீர், சீரற்ற இதயத்துடிப்பு, ஏன், பீட்டா பிளாக்கர் மாத்திரைகூட அசதி தரும். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவைதான். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவதுதான் தப்பு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திடாதீங்க; டாக்டரிடம் சொல்லுங்கள்.

நடைப்பயிற்சிக்கு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே வாரத்தில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறதோ என்று சந்தேகிக்கணும். படுத்தால் மூச்சு முட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். புது வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம்.