கத்திரி வெயிலில் ஒரு நாள்

கத்திரி வெயிலில் குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கிறீர்களா? தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. கூஜா நிறைய நீர்மோரும் புளியோதரையும் எடுத்துக்கொண்டு நெய்வேலி நகரியத்துக்குப் போய் வாருங்கள். விசாலமான சாலைகள், இருபுறமும் மர நிழல்!

சாப்பிட்டானதும் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1957 மே 20-ந் தேதி, இதே கத்திரியில்தான் நேரு இங்கே சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் மேலே பீறிடத் துடித்துக்கொண்டிருக்கிறது. பம்புகள் இராப்பகலாய் இறைக்காவிட்டால் சுரங்கமே குளமாகிவிடும்!

கதையின் மறுபாதியையும் விட்டுவிடாதீர்கள். இந்தச் சுரங்கத்துக்காக வீட்டையும் வயலையும் விட்டுப் போன குடும்பங்கள் பல. அதைக் கேட்ட குழந்தை, ஆளில்லாத அறையில் மின்விசிறியைச் சுழலவிடாது.