பொறிவண்டுகளில் பகையும் நட்பும்

பயிரைத் தின்னும் பூச்சியை அழிப்பது எவ்வளவு அவசியமோ, அப்பூச்சியைத் தின்னும் பூச்சியைக் காப்பதும் அவ்வளவு அவசியமாகும். அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்துக் கத்தரித் தோட்டங்களில் இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வண்டுகளாக, ஒரே செடியில் காணப்படக்கூடும். ஆகவே, மருந்து தெளிக்குமுன் வண்டின் இனமறிதல் வேண்டும்.

பொறிவண்டுகள் யாவும் காக்சினெல்லிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் ஏறத்தாழ 6,000 இனங்கள் இதில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அசுவினி, மாவுப்பூச்சி, செதிற்பூச்சி முதலியவற்றைத் தின்று வாழ்கின்றன. இலையைத் தின்னும் பிரிவொன்றும் உண்டு. கத்தரியைக் கெடுக்கும் இருபத்தெட்டுப் புள்ளி வண்டு அப்பிரிவைச் சேர்ந்தது. டென்மார்க் நாட்டு அறிஞர் பாப்ரீசியஸ் 1775ஆம் ஆண்டில் இதனை விவரித்தபோது, ஏனைய பொறிவண்டுகளுடன் காக்சினெல்லா என்னும் பேரினத்திலேயே சேர்த்தார். பின்னர் இது எபிலாக்னா என்னும் பேரினத்துக்கு மாறிற்று. இன்று, 1961இல் வகுக்கப்பட்ட ஹெனோசெபிலாக்னா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அறிஞர் ஏட்டில் பிரித்ததை உழவர் வயலிலும் பிரித்தறியலாம். பகைவண்டின் முதுகு செம்பழுப்பாய், நுண்மயிர் போர்த்து மங்கலாயிருக்கும். புள்ளிகள் கூடியும் குறைந்தும் வருமாதலால் எண்ணிக்கையை மட்டும் நம்பலாகாது. இதன் புழு மஞ்சள் நிறமுடையது. உடலெங்கும் கிளைத்த முட்கள் உண்டு. வண்டும் புழுவும் பச்சையத்தைச் சுரண்டுவதால் இலை வலைபோலாகிக் காய்ந்துவிடும். நட்புவண்டின் முதுகோ வழவழப்பாய்ப் பளபளக்கும். அவற்றுள் ஒன்று செம்மஞ்சள் முதுகில் கறுப்பு நெளிகோடுகள் உடையது. அதன் புழு கருமையாய், நீண்டு, அசுவினிக் கூட்டத்தினிடையே விரைந்து ஓடும்.

இரண்டின் முட்டைகளும் மஞ்சள் குவியலாகவே இருப்பதால், இலை சுரண்டப்பட்ட செடிகளில் மட்டும் அடிப்புறத்தைப் பார்த்து முட்டைக் குவியல்களைக் கிள்ளி அழிக்கலாம். முட்புழுக்களையும் மங்கல் வண்டுகளையும் காலை வேளையில் கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் இடலாம். தாக்குதல் மிகுமாயின் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம்.

கண்டவுடன் கடும் நஞ்சைத் தெளித்தால் நட்புவண்டும் மடிகிறது. அசுவினியோ விரைந்து பெருகும் இயல்பினது. தடுப்பாரின்றி மீண்டும் தோட்டத்தை மூடிவிடும். அதற்கென மறுபடியும் மருந்து, மறுபடியும் செலவு. மேலும், கத்தரி சில நாட்களுக்கொருமுறை பறித்து உண்ணப்படும் காய் என்பதையும் மறத்தலாகாது. இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்றே இச்செலவையும் தீங்கையும் பெரிதும் குறைக்கும். இதனை ஒவ்வொரு குடும்பத்தாரும் கைக்கொள்ள வேண்டுமென்பது நம் விருப்பம்.