பழைய ரிம், பெரிய டயர்: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

பொத்துவில் பக்கம் நெல் வாங்கி விற்கும் ஒரு தம்பி அண்மையில் எங்கள் கடைக்கு வந்தார். அவரிடம் இருப்பது ஹைலக்ஸ் டபள் கெப். அறுவடைக் காலத்தில் வயல் பாதைகளில் ஓட வேண்டும். மற்ற நாட்களில் கொழும்புக்குப் போய் வர வேண்டும். "காக்கா, ரிம்மை மாத்தத் தேவையில்ல. இதுலயே பெரிய டயர் நாலு போட்டுத் தாங்க. வாகனம் உயரும், சேத்துல புதையாது" என்றார்.

நான் டயர் வியாபாரி. பெரிய டயர் நான்கு விற்றால் எனக்கு இலாபம்தான். ஆனாலும் அவரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, ஒரு தாளில் கணக்கு எழுதிக் காட்டினேன். ஜீப், கெப் வைத்துத் தொழில் செய்யும் ஏனைய சகோதரர்களுக்கும் அது உதவும் என்பதால் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

2015க்குப் பின் வந்த ஹைலக்ஸ் வாகனங்கள் பலவற்றில் கம்பனி போட்டு அனுப்பும் டயரின் அளவு 265/65 ஆர் 17. இதில் 265 என்பது டயரின் அகலம், மில்லி மீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். அதாவது அகலத்தில் 65 சதவீதம். 'ஆர்' என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கடைகளில் நாம் சுருக்கமாக 265/65/17 என்போம்.

இனிக் கணக்கு. 265இல் 65 சதவீதம் 172.25 மில்லி மீற்றர். மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள், ஆகவே 344.5. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மில்லி மீற்றர். இரண்டையும் கூட்டினால் டயரின் முழு உயரம் 776.3 மில்லி மீற்றர்.

அதே ரிம்மில் 265/70/17 போட்டால் உயரம் 802.8. கூடுவது 26.5 மில்லி மீற்றர், அதாவது 3.4 சதவீதம். தம்பி கேட்ட 285/70/17 போட்டால் 830.8. கூடுவது 54.5 மில்லி மீற்றர், அதாவது 7 சதவீதம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டயரின் உயரம் 54 மில்லி மீற்றர் கூடினால் வாகனம் 54 மில்லி மீற்றர் உயராது. அச்சு டயரின் நடுவில் இருப்பதால் பாதிதான் உயரும். 285 டயரால் கிடைப்பது 27 மில்லி மீற்றர், ஓர் அங்குலம் சொச்சம். 265/70 டயரால் கிடைப்பது அரை அங்குலம். நான்கு புதிய டயர்களின் விலையை இந்த ஓர் அங்குலத்தோடு வைத்து யோசித்துப் பாருங்கள்.

ரிம்மின் அகலம்

ரிம்மின் உட்புறத்தில் 17×7.5 ஜே என்பது போல் பொறித்திருக்கும். 7.5 என்பது ரிம்மின் அகலம், அங்குலத்தில். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரையான ரிம்மில்தான் போடலாம் என்று தயாரிப்பாளர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். 265/70/17க்கு 7 முதல் 9 அங்குலம் வரை. ஆகவே 7.5 அங்குல ரிம்மில் அது ஒழுங்காக உட்காரும். 285/70/17க்குக் குறைந்தது 7.5 அங்குலம் வேண்டும்; கம்பனி ரிம் அதன் கடைசி எல்லையில் நிற்கிறது. 305/70/17க்குக் குறைந்தது 8 அங்குலம் வேண்டும். அதைக் கம்பனி ரிம்மில் போடவே கூடாது.

பழைய 15 அங்குல ரிம் வாகனம் வைத்திருப்போருக்கும் இதே கதைதான். ரிம்மின் அகலம் 7 அங்குலமாக இருந்தால் 31×10.50 டயர் போடலாம். 33×12.50 டயருக்கு 8.5 அங்குல ரிம் வேண்டும்.

"போட்டால் ஏறும்தானே" என்பார்கள். ஏறும். ஆனால் ஒடுங்கிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் பக்கச் சுவர்கள் உள்ளே இழுபட்டு, டயரின் நடுப்பகுதி புடைத்து நிற்கும். நடுப்பகுதி மட்டும் விரைவில் தேயும். வளைவில் வாகனம் ஆடும். காற்றைக் குறைத்து மணலில் ஓடும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்று விடும் ஆபத்தும் உண்டு.

கம்பனி ரிம்மை வைத்துக்கொள்வதில் ஒரு நன்மையும் இருக்கிறது. சில்லு வெளியே தள்ளி நிற்காததால் பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் மேலதிகச் சுமை வராது. ஆனால் டயர் 20 மில்லி மீற்றர் அகலமானால் அதில் பாதி உட்பக்கமாகப் போகும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள்ளே பொடியிலோ மட்காட்டிலோ உரசலாம். கராஜில் வெறும் வாகனத்தை வைத்துப் பார்த்தால் இது தெரியாது. பாரம் ஏற்றி, ஒரு பக்கச் சில்லை மேட்டில் ஏற்றி, முன்னும் பின்னும் ஓட்டித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பிரேக்கும் பாரமும்

பிரேக் பழையதே, டயர் மட்டும் 7 சதவீதம் பெரிது என்றால், அதே அளவு மிதிக்கு வீதியில் கிடைக்கும் பிடிப்பு விசை ஏறக்குறைய 6.5 சதவீதம் குறையும். டயரின் நிறையும் கூடுகிறது. வெறும் வாகனத்தில் சமதரையில் இதை உணர மாட்டீர்கள். மூடை ஏற்றிக்கொண்டு கண்டி – மஹியங்கனை வீதியின் வளைவுகளில் இறங்கும்போது உணர்வீர்கள். ஏற்றத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு கியரும் பாரமாகி, மூன்றில் ஏறிய இடத்தில் இரண்டுக்கு மாற்ற வேண்டி வரும்.

"பெரிய டயர் போட்டால் இன்னும் நாலு மூடை கூட ஏற்றலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். இது பெருந்தவறு. எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங், அச்சு, பிரேக், சேஸி எல்லாம் சேர்ந்துதான். டயரை மாற்றுவதால் அந்த எல்லை ஒரு கிலோ கூட உயராது.

டயரின் ஓரத்தில் அளவுக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். புதிய டயரின் இலக்கம் பழையதை விடக் குறையக் கூடாது. எல்.டி. வகை டயர்களில் 121 என்று இருக்கலாம். அது 1450 கிலோ. ஆனால் சாதாரணமாக அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கு 80 பி.எஸ்.ஐ. வரை காற்று வேண்டும். வழக்கமான 35இல் ஓடினால் அந்த டயர் அவ்வளவு தாங்காது. எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணையை டயர் வாங்கும்போதே கேட்டுப் பெறுங்கள்.

மீட்டர் என்ற அளவுகோல்

வியாபாரிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இதுதான். மீட்டர் சில்லின் சுற்றைத்தான் எண்ணுகிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடிய தூரம் போகிறது. ஆகவே 285 டயரில் மீட்டர் 100 கிலோ மீற்றர் காட்டும்போது நீங்கள் ஓடியிருப்பது 107. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் நினைப்பதை விட வேகமாகப் போகிறீர்கள். 5,000க்கு ஒருமுறை ஒயில் மாற்றுவோர் உண்மையில் 5,350இல் மாற்றுகிறார்கள்.

எரிபொருள் கணக்கும் பிழைக்கும். 2022இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் வரிசையில் நின்ற நமக்கு ஒரு லீற்றரின் அருமை தெரியும். மீட்டர் குறைத்துக் காட்டுவதால் "லீற்றருக்கு 9 கிலோ மீற்றர்தான் ஓடுது" என்று பதறுவார்கள். அதை 1.07ஆல் பெருக்கினால் 9.6 வரும். செலவு கூடுவது உண்மை. ஆனால் மீட்டர் காட்டும் அளவுக்கு அல்ல.

கிலோ மீற்றர் கணக்கில் வாடகைக்கு ஓடுபவர் பெரிய டயர் போட்டால் நட்டம் அவருக்கே. 107 கிலோ மீற்றர் ஓடி 100க்குக் காசு வாங்குவார். மறுபக்கம், அளவு குறைந்த டயர் போட்டு ஓடுபவரின் மீட்டர் கூட்டிக் காட்டும்; நட்டம் வாடிக்கையாளருக்கு. டயர் 8 மில்லி மீற்றர் தேய்ந்தாலே உயரம் 16 மில்லி மீற்றர், ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது. தேய்மானம் எவரும் வேண்டுமென்று செய்வதல்ல. தெரிந்துகொண்டே அளவு மாறிய டயரில் ஓடிக் கூடுதலாகக் காசு வாங்குவது வேறு விடயம். கடையில் தராசை வருடா வருடம் முத்திரை இடுகிறோம். வாகன மீட்டரும் ஒரு தராசுதான். அளவை நிறுவையில் மோசம் செய்வோரை எச்சரிக்க சூரா அல்முதஃப்பிஃபீன் என்ற ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது.

நானும் இதில் தவறியவன். சில வருடங்களுக்கு முன் கடைக் கெப்புக்கு 285 டயர் போட்டு ஓடினேன். மீட்டர் 40,000 ஏறியிருந்தது. விற்கும்போது கம்பனி அளவு டயரைத் திரும்பப் போட்டு, மீட்டரைக் காட்டி விலை பேசினேன். மனதில் கள்ளம் இருக்கவில்லை. ஆனால் கணக்கும் இருக்கவில்லை. இரவில்தான் உறைத்தது. அந்த 40,000 உண்மையில் 42,800. மறுநாள் வாங்கியவரை அழைத்து விடயத்தைச் சொல்லி, விலையில் ஒரு தொகையைத் திருப்பிக் கொடுத்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களுக்கு ஏறிய விலை நாம் அறிந்ததே. அப்படியான சந்தையில் மீட்டரின் ஒவ்வோர் ஆயிரமும் காசு. பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது நமது மார்க்கம் கற்றுத்தந்த வியாபார ஒழுக்கம். டயர் மாற்றிய திகதியையும் அன்றைய மீட்டர் இலக்கத்தையும் வாகனப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

சேற்றுக்கு எது மருந்து?

வாகனம் புதைவதற்குக் காரணம் பெரும்பாலும் டயரின் உயரம் அல்ல; அதன் பூவும் காற்றும்தான். தார் வீதிக்குரிய மழமழப்பான பூ சேற்றில் ஒரு நிமிடத்தில் அடைபட்டு விடும். அதே கம்பனி அளவில், இரு வகைப் பாதைக்கும் பொருந்தும் ஓல் டெரெய்ன் டயர் கிடைக்கிறது. மணலிலும் சேற்றிலும் பாரம் இல்லாத வாகனத்தின் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து மெதுவாக ஓட்டினால், டயர் நிலத்தில் நீளமாகப் படிந்து பிடிக்கும். தார் வீதிக்கு ஏறு முன் மீண்டும் காற்றடிக்க வேண்டும். பற்றரியில் வேலை செய்யும் சிறிய காற்று மெஷின் ஒன்று போதும். ஒரு டயரின் விலை கூட அதற்கு வராது.

போடுவதென்றே முடிவு செய்தால்

ஒரு படி மட்டும் கூட்டுங்கள். உயர வித்தியாசம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும்.

நான்கு அல்ல, ஐந்து வாங்குங்கள். ஸ்பெயார் சில்லும் அதே அளவாக இருக்க வேண்டும். பெரிய டயர் தட்டுக்கு அடியில் உள்ள இடத்தில் கொள்ளுமா என்று முதலில் அளந்து பாருங்கள். நான்கு சில்லுப் பூட்டில் ஓடும்போது ஒரு டயர் மட்டும் அளவு மாறியிருந்தால் கியர்ப் பெட்டி கெட்டுவிடும்.

தயாரித்த திகதியைப் பாருங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

போட்ட பின் எலைன்மன்ட் பாருங்கள். முதல் 100 கிலோ மீற்றருக்குள் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பின் வாய்ப்பேச்சு உதவாது.

பொத்துவில் தம்பி தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் கம்பனி அளவிலேயே ஓல் டெரெய்ன் டயர் ஐந்தும், காற்று மெஷின் ஒன்றும் வாங்கிப் போனார். எனக்கு வந்த இலாபம் சற்றுக் குறைவுதான். மழைக் காலம் முடிந்து ஒருநாள் வந்தார். "ஒருக்கா புதைஞ்சிட்டு காக்கா. காத்தை இறக்கிட்டு மெல்ல வெளிய எடுத்திட்டன்" என்று சிரித்தார். கூடவே தன் மச்சானையும் அழைத்து வந்திருந்தார், அவருடைய லொறிக்கு டயர் பார்க்க.

உண்மையைச் சொன்னால் வியாபாரம் குறையும் என்று பயப்படத் தேவையில்லை. பரக்கத் அல்லாஹ்விடம் இருந்து வருவது.